வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம்

(ஒளிப்படக் கலை பயிலும் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மலை, காடு, பனி, பாறை என்று அலைந்து படமெடுத்து, யாரிடமும் மாதச் சம்பளம் வாங்காமல் பிழைப்பதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே நுழையும்போதே ஒரு தம்பி, ‘சார், எந்த லென்ஸ் வாங்கலாம்?’ என்று கேட்டார். அதைக் கடைக்காரர் என்னைவிட நன்றாகச் சொல்லுவார். கடைக்காரர் சொல்லாத ஒன்று இருக்கிறது. இன்றைக்கு அதைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

ஃப்ரீலான்ஸ் என்றதும் நமக்கு என்ன தோன்றுகிறது? முதலாளி இல்லை, வருகைப் பதிவேடு இல்லை, நினைத்தால் கிளம்பலாம். பாதி உண்மை. முதலாளி இல்லாதவனுக்குக் கடன்காரன் இருப்பான், விளம்பரம் கொடுத்த கம்பெனி இருக்கும், படத்தை ஒப்படைக்க வேண்டிய தேதி இருக்கும். மலையில் மேகம் திரண்டு வரும்போது, ‘இன்றைக்கு வேண்டாம், இறங்கிவிடலாம்’ என்று சொல்ல முடிகிறதா? முடிந்தால் நீங்கள் சுதந்திரமான கலைஞர். முடியாவிட்டால், கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கும் தினக்கூலி. அப்படி வேண்டாம் என்று சொல்லும் தெம்பு மலை உச்சியில் திடீரென்று வந்துவிடாது. பல மாதங்களுக்கு முன்பே, அடிவாரத்தில், ஒப்பந்தத் தாளிலும் வங்கிக் கணக்கிலும் அதைச் சேர்த்து வைத்திருக்க வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இனிச் சொல்லப் போவதெல்லாம் அதற்கான சாட்சிகள்.

முதல் சாட்சி, கேப்டன் ஜான் நோயல். 1913-லேயே மாறுவேடத்தில் திபெத்துக்குள் புகுந்து, எவரெஸ்ட்டுக்கு 40 மைல் தூரம் வரை போய்த் திரும்பியவர். 1922-இல் எவரெஸ்ட் சென்ற பிரிட்டிஷ் குழுவின் படக்காரரும் அவர்தான். 1924-இல் மறுபடியும் குழு கிளம்பியபோது பணம் தேவைப்பட்டது. நோயல் ஒரு பேரம் பேசினார். பயணத்தின் திரைப்பட உரிமை, ஒளிப்பட உரிமை அத்தனையையும் எனக்குக் கொடுத்துவிடுங்கள், 8,000 பவுன் தருகிறேன் என்றார். அந்தக் காலத்தில் அது மலைக்க வைக்கும் தொகை. தனிக் கம்பெனி தொடங்கி, முதலீட்டாளர்களைச் சேர்த்து, சொன்னபடி பணத்தைக் கட்டினார். படச்சுருள்களைக் கழுவ டார்ஜிலிங்கில் ஒரு கூடம் அமைத்தார். பயணத்துக்கென்று தனி அஞ்சல் வில்லை அச்சிட்டு, எவரெஸ்ட்டிலிருந்து அஞ்சலட்டை வரும் என்று சொல்லி மக்களை ஈர்த்தார். சாகசத் திரைப்படத் தொழிலின் வரவு செலவுக் கணக்குக்கு இது ஒரு நல்ல ஆரம்பகால உதாரணம்.

வேலையில் அவர் அசகாயசூரர். கிட்டத்தட்ட 22,000 அடி உயரத்தில் ஒரு மேட்டைப் பிடித்து, 20 அங்குல லென்ஸை மலைமுகட்டைப் பார்த்து நிறுத்திக்கொண்டு உட்கார்ந்தார். 1924 ஜூன் 8 அன்று உச்சியைப் பிடிக்க மேலே போன குழுவின் மலையேறிகள் மாலரியும் இர்வினும் திரும்பவில்லை. மேல் முகாமிலிருந்தவர்கள் போர்வைகளைப் பனியில் சிலுவை வடிவில் விரித்துக் கீழே இருந்தவர்களுக்குச் சேதி சொன்னார்கள். அதை நோயலின் கேமரா பதிவு செய்தது.

படம் அந்த ஆண்டு டிசம்பரில் லண்டனில் வெளியானது. பெயர் ‘தி எபிக் ஆஃப் எவரெஸ்ட்’. கதையின் முடிவில் வெற்றி இல்லை, ஆனால் போட்ட பணம் திரும்பி வந்தாக வேண்டும். திரையிடலுக்கு முன்னால் மேடையில் ஆட, திபெத்தின் கியாண்ட்ஸேயிலிருந்து புத்த பிக்குகளை லண்டனுக்கு அழைத்து வந்தார்கள். மடத்தில் சடங்காக ஆடும் ஆட்டம், டிக்கெட் வாங்கியவர்கள் பார்க்கும் வேடிக்கையானது. படத்தில் ஒருவர் குழந்தையின் தலையில் பேன் பார்த்து அதை வாயில் போட்டுக்கொள்ளும் காட்சியும் இருந்தது. திபெத்திய அரசு கொதித்துப் போயிற்று. வேறு அரசியல் காரணங்களும் சேர்ந்துகொள்ள, எவரெஸ்ட்டின் கதவு அடைபட்டது. அடுத்த பிரிட்டிஷ் குழு அங்கே கால் வைக்க 1933 ஆக வேண்டியிருந்தது.

நோயலுக்கு முதலாளி கிடையாது. உரிமை முழுக்க அவர் கையில்தான். ஆனால் அந்த 8,000 பவுன், எந்த முதலாளியையும்விடக் கடுமையாக அவரை வேலை வாங்கியது. தான் நேசித்த மலைக்குப் போகும் வழியே பல ஆண்டுகளுக்கு அடைபட அந்தப் படமும் ஒரு காரணமானது. கூடவே, படமெடுக்கப்படுகிறவர்களின் மரியாதையும் நம் வரவு செலவில் ஓர் இனம் என்பதை இந்த வரலாறு காட்டுகிறது. அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதவன், அந்த ஊருக்கு இரண்டாம் முறை போக முடியாது.

இந்தக் கதைக்கு ஒரு வால் உண்டு. 100 ஆண்டு கழித்து, 2024 செப்டம்பரில், எவரெஸ்ட்டின் வடக்கே மத்திய ரோங்பக் பனியாற்றில் பழைய பூட்ஸ் ஒன்று கிடைத்தது. உள்ளே இருந்த காலுறையில் தைத்த துணிப்பட்டையில் ஏ.சி. இர்வின் என்று பெயர். கண்டெடுத்த நேஷனல் ஜியாகிரஃபிக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஜிம்மி சின். மலையேற்றக்காரர், ஒளிப்படக்காரர், ஆஸ்கர் வாங்கிய இயக்குநர். நம் அடுத்த சாட்சி அவர்தான். ஆனால் அதற்கு முன்னால் அவருக்கு மூத்த தலைமுறையைச் சேர்ந்த ஒருவரைப் பார்த்துவிட வேண்டும்.

கேலன் ரோவெல் கலிபோர்னியாவில் கார் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தார். 1972-இல் அதை விற்றுவிட்டுப் படமெடுக்கப் புறப்பட்டார். அடுத்த ஆண்டே யோசெமிட்டி பள்ளத்தாக்கில் ஹாஃப் டோம் பாறைச் சுவரில், ஆணி அடிக்காமல், நண்பர்கள் இருவரோடு ஏறிக்கொண்டே படமெடுத்தார். 1974-இல் அது நேஷனல் ஜியாகிரஃபிக் இதழின் அட்டைப்படக் கட்டுரையாக வந்தது. கீழே முக்காலி போட்டு நின்று மலையைப் படமெடுத்தவர்கள் அதற்கு முன்பும் உண்டு. ரோவெல் சிறிய 35 மில்லிமீட்டர் கேமராவும் எடை குறைந்த லென்ஸுமாக ஏறுகிறவர்களோடு ஏறினார். கேமராக்காரன் முதலில் கயிற்றில் ஓர் ஆள், பிறகுதான் கேமராக்காரன் என்பது அவர் நிலைநாட்டிய பாடம். கூட வருகிறவருக்கு உங்களால் பாரம் ஏறினால், எவ்வளவு நல்ல படம் எடுத்தாலும் அடுத்த பயணத்துக்கு உங்களை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

ஜிம்மி சின் காரிலேயே குடியிருந்து ஊர் ஊராக மலையேறிக்கொண்டிருந்த இளைஞர். நண்பரின் கேமராவில் எடுத்த ஒரு படம் 500 டாலருக்கு விலைபோனது. மாதத்துக்கு ஒரு படம் விற்றால் போதுமே, ஜாலியாக வாழலாமே என்று அப்போது கணக்குப் போட்டதாகப் பின்னால் அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். நாம் எல்லோருமே ஒரு காலத்தில் அந்தக் கணக்கைப் போட்டவர்கள்தாம்.

உண்மைக் கணக்கு வேறு. இந்தத் தொழிலில் வருமானம் நாலு வழியில் வரும். நாள் கூலிக்குப் படமெடுத்துக் கொடுப்பது ஒன்று. எடுத்த படத்தைப் பயன்படுத்த உரிமம் கொடுப்பது இன்னொன்று. ஜாக்கெட், கூடாரம், ஷூ விற்கும் கம்பெனிகளின் விளம்பரப் பணம் மூன்றாவது. சொந்த ஆவணப்படம் எடுத்து விற்பது நாலாவது. முதல் வழியில் பணம் சீக்கிரம் வரும், வேலை நின்றால் பணமும் நிற்கும். இரண்டாவது வழியில் மெதுவாக வரும், ஆனால் நீங்கள் காய்ச்சலில் படுத்திருக்கும்போதும் வரும். மூன்றாவது வழியில் பணம் கணிசமாக இருக்கும், கூடவே லோகோ தெரிய நிற்க வேண்டிய கட்டாயமும் இருக்கும். நாலாவது வழியில் பேர் கிடைக்கும், பெரும்பாலும் முதலில் கையைக் கடிக்கும்.

இதில் ஆபத்தான ஓர் இடத்தை மட்டும் சுட்டிக்காட்டுகிறேன். நாள் கூலி என்பது பெரும்பாலும் படமெடுத்த நாளுக்குத்தான். மலையிலோ காத்திருப்பதே வேலை. காற்று அடங்கக் காத்திருக்க வேண்டும், மூடுபனி விலகக் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களுக்குக் காசு இல்லை என்று ஒப்பந்தம் இருந்தால் என்ன ஆகும்? மூன்றாம் நாள் காலையில், வானம் சரியில்லாவிட்டாலும், ‘போய்ப் பார்ப்போமே’ என்று நீங்களே சொல்வீர்கள். உங்கள் வாயால் அதைச் சொல்ல வைப்பது தைரியமா, பட்டினியா என்று உங்களுக்கே தெரியாது. அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் முதலில் கேட்பது, காத்திருக்கும் நாளுக்கும் பயண நாளுக்கும் எவ்வளவு தருவீர்கள் என்று. முழுக்கூலி வேண்டாம், பாதி கொடுத்தாலும் போதும். அந்தப் பாதிக்கூலிதான் உங்கள் உயிர்க் காப்பீடு.

இனி, கையில் இருப்பதை விட்டுவிடும் முடிவைப் பற்றி ஒரு வார்த்தை. துருவப் பயணி ஷாக்கிள்டனின் அண்டார்டிகா பயணத்தில் படக்காரராகப் போன ஆஸ்திரேலியர் ஃபிராங்க் ஹர்லி. அந்தப் பயணமே திரைப்பட, ஒளிப்பட உரிமைகளின் பேரிலும் பணம் திரட்டிக் கிளம்பியதுதான். 1915-இல் ‘எண்டூரன்ஸ்’ கப்பல் பனிக்கட்டிகளுக்கு நடுவே நசுங்கியது. ஹர்லி சட்டையைக் கழற்றிவிட்டு, கப்பலுக்குள் தேங்கிய பனிநீரில் இறங்கி, நெகட்டிவ் பெட்டிகளை மீட்டார். ஆனால் அத்தனையையும் படகில் ஏற்ற முடியாது. ஹர்லியும் ஷாக்கிள்டனும் பனியில் உட்கார்ந்து கண்ணாடித் தகடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். நூற்றுச் சொச்சத்தை வைத்துக்கொண்டு, ஏறக்குறைய 400 தகடுகளை அங்கேயே உடைத்துப் போட்டார்கள். ஏன் உடைக்க வேண்டும், விட்டுவிட்டு வந்தால் போதாதா? மனம் மாறித் திரும்ப எடுக்கப் போய்விடக் கூடாதே என்றுதான். ஆசை எப்போது திரும்பி வரும் என்று தெரிந்தவர்கள் செய்கிற காரியம் அது. அதன் பிறகு அவரிடம் இருந்தவை ஒரு சின்னக் கோடாக் கேமராவும் மூன்று சுருள்களும். எலிஃபண்ட் தீவில் மாட்டிக்கொண்ட 22 பேரின் படங்கள் நமக்குக் கிடைத்தது அந்த மூன்று சுருள்களால்தான்.

1996-க்கு வருவோம். டேவிட் பிரஷியர்ஸ் தலைமையில் ஒரு குழு ஐமேக்ஸ் கேமராவோடு எவரெஸ்ட் ஏறியது. குளிருக்கென்று எடை குறைத்துச் செய்த கேமராவே சுமார் 19 கிலோ. 500 அடிச் சுருள் ஒன்று போட்டால் ஒன்றரை நிமிடம் ஓடும், அவ்வளவுதான். சுருள் மாற்ற வேண்டுமானால் தடித்த கையுறையோடு விரல் வேலை செய்ய முடியாது, கழற்றியாக வேண்டும். அந்தக் கேமராவையும் அதன் சாமான்களையும் மேலே கொண்டு சேர்த்தவர்கள் ஷெர்பாக்கள். சாகசப் படம் என்றால் நாம் ஒருவர் பெயரைத்தான் சொல்கிறோம். சுமந்த முதுகுகள் பல.

பெரிய பட்ஜெட், பெரிய எதிர்பார்ப்பு. மே 8 அன்று மூன்றாம் முகாமில் இருந்தபோது காற்று ஓயவில்லை. பின்னால் வேறு குழுக்களும் கூட்டமாக வந்துகொண்டிருந்தன. பிரஷியர்ஸும் குழுவிலிருந்த எட் வீஸ்டர்ஸும் கலந்து பேசி, இறங்கிவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். இறங்கும் வழியில், மேலே ஏறிக்கொண்டிருந்த குழுக்களை எதிரெதிரே சந்தித்தார்கள். அவர்கள் ஏறுகிறார்கள், நாம் இறங்குகிறோம், தப்பாக முடிவெடுத்துவிட்டோமோ என்று யாருக்கும் தோன்றத்தான் செய்யும். மே 10 அன்று புயல் அடித்தது. மலையின் இரு பக்கமும் சேர்த்து 8 பேர் இறந்தார்கள்.

அப்போது ஐமேக்ஸ் குழு படப்பிடிப்பை நிறுத்தியது. சவுத் கோல் என்ற மேல் முகாமில் தங்களுக்கென்று சேமித்து வைத்திருந்த ஆக்ஸிஜனைப் புயலில் சிக்கியவர்களுக்கு எடுத்துக் கொடுக்கச் சொன்னார் பிரஷியர்ஸ். அது போனால் படமே நின்றுபோகலாம் என்று தெரிந்தேதான் சொன்னார். பிறகு மேலே போய், பனிக்கடியால் கை கால் மரத்துப்போனவர்களை இறக்கி வருவதில் அவர்களும் தோள் கொடுத்தார்கள். எல்லாம் முடிந்து, மே 23 அன்று உச்சியை அடைந்து படமெடுத்தார்கள். 1998-இல் வெளியான அந்தப் படம் ஐமேக்ஸ் வரலாற்றில் வசூலில் சாதனை படைத்தது.

இதில் நல்ல மனசு மட்டுமா இருக்கிறது? திட்டமும் இருக்கிறது. ஒரே ஒரு நாளை நம்பி வந்திருந்தால், மே 8 அன்று அவர்களால் இறங்கியிருக்க முடியாது. கூடுதல் நாளும், மேலே சேர்த்து வைத்த ஆக்ஸிஜனும் கையில் இருந்ததால்தான் இறங்க முடிந்தது, கொடுக்க முடிந்தது, மறுபடி ஏறவும் முடிந்தது. மிச்சம் வைத்திருப்பவனால்தான் தர்மம் செய்ய முடியும்.

கடைசி சாட்சி, ‘ஃப்ரீ சோலோ’. ஜிம்மி சின்னும் எலிசபெத் சாய் வசர்ஹெலியும் சேர்ந்து இயக்கிய படம், 2019-இல் ஆஸ்கர் பெற்றது. 2017 ஜூன் 3 அன்று பாறையேற்றக்காரர் அலெக்ஸ் ஹானல்ட், யோசெமிட்டியில் எல் கேபிடன் என்ற சுமார் 3,000 அடிச் செங்குத்துப் பாறையில், கயிறு இல்லாமல் தனியாக, 3 மணி 56 நிமிடத்தில் ஏறி முடித்தார். கை நழுவினால் சாவு. அதைப் படமெடுப்பது எப்படி?

கேமராக்காரர்கள் எல்லோருமே தேர்ந்த பாறையேற்றக்காரர்கள். மேலிருந்து கயிறு இறக்கி, அதில் தொங்கிக்கொண்டு காத்திருப்பார்கள். அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். இடுப்புப் பட்டையில் உடம்பின் மொத்த எடையும் தொங்குகிறது, தொடை மரத்துப் போகிறது. கேமரா, லென்ஸ், பேட்டரி, மெமரி கார்டு உறை, எல்லாவற்றுக்கும் ஒரு நாடா கட்டி உடம்போடு பிணைத்திருக்க வேண்டும். லென்ஸ் மூடி ஒன்று நழுவி விழுந்தால் உங்களுக்குச் சில நூறு ரூபாய் நஷ்டம், கீழே ஏறி வருகிறவருக்கு அது கல். கால் சறுக்கி ஒரு பிடி மணலை உதிர்த்தாலும் அதே கதைதான். கயிறு ஊசலாடி அவர் வழியில் குறுக்கே போய்விடக் கூடாது. இருமல் வந்தாலும் அடக்கிக்கொள்ள வேண்டும். படமெடுப்பதில் பத்தில் ஒரு பங்குதான் கவனம், மீதி முழுவதும் எதையும் கீழே போடாமல் இருப்பதில்.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று அவர்களை அரித்துக்கொண்டிருந்தது. கேமரா இருப்பதாலேயே அவர் ஏறிவிட்டால்? இத்தனை பேர் காத்திருக்கிறார்களே என்ற நினைப்பே அவரைத் தள்ளிவிட்டால்? அதனால் ஹானல்டுக்கு ஒரு கதவைத் திறந்தே வைத்தார்கள். எப்போது வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்லலாம். 2016-இல் ஒருமுறை ஏறத் தொடங்கி, மனசு சரியில்லை என்று பாதியில் அவர் நிறுத்திவிட்டார். படக்குழு மூட்டை கட்டியது, வற்புறுத்தவில்லை. வழியிலேயே மிகக் கடினமான இடத்தில் ஆளே இல்லாமல் தானியங்கிக் கேமராவை வைத்தார்கள். மனித முகம் ஒன்றும் அங்கே அவர் கண்ணில் படக் கூடாது என்பதற்காக. தரையில் நின்று படமெடுத்த ஒருவர் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வது படத்திலேயே இருக்கிறது.

நோயலின் படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே படத்தின் கடன், மனிதர்களை மேடைக்கு இழுத்து வந்தது. இங்கே படமே நின்றுபோனாலும் பரவாயில்லை என்ற ஏற்பாட்டோடு வேலை நடந்தது. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள் நம் ஊரில். படமெடுக்கப்படுகிறவரின் உயிரும் மானமும்தான் நம் தொழிலின் சுவர்.

சரி, இதெல்லாம் எவரெஸ்ட், யோசெமிட்டி சமாச்சாரம், நமக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். நம் சட்டத்துக்கு வருகிறேன். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவைத் தயவுசெய்து ஒருமுறை படித்துவிடுங்கள். நீங்களாகப் போய் எடுத்த படத்துக்கு நீங்கள்தான் முதல் உரிமையாளர். ஆனால் ஒருவர் காசு கொடுத்து, அவர் சொல்லி நீங்கள் எடுத்த ஒளிப்படமோ திரைப்படமோ, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவருக்கே சொந்தம். கவனியுங்கள், ‘வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்.’ நம்மில் பலர் வாட்ஸ்அப்பில் ‘ஓகே சார்’ என்று அனுப்பிவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். ‘பதிப்புரிமை எனக்கு, இன்ன பயனுக்கு, இத்தனை ஆண்டுக்கு உரிமம் உங்களுக்கு’ என்று ஒரு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் நிலைமை தலைகீழாக மாறும். 19-ஆம் பிரிவு இன்னொன்று சொல்கிறது. உரிமையை எழுதிக்கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். ‘உலகம் முழுவதும், நிரந்தரமாக’ என்று தாளில் பொடி எழுத்தில் போட்டிருந்தால், அங்கே பேனாவை நிறுத்துங்கள். போன வருடம் எடுத்த படம் இந்த வருடமும் சோறு போட்டால்தான், இன்றைக்கு வந்த மோசமான வேலையை வேண்டாம் என்று தள்ள முடியும்.

அனுமதியும் அப்படித்தான். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 23 பேரை இழந்தோம். காடு அழகான பின்னணி மட்டும் அல்ல என்பதை நாம் அன்றைக்குத் தெரிந்துகொண்டோம். அதன் பிறகு தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற திட்டத்தில் 40 பாதைகளை வழிகாட்டிகளோடு திறந்தது. அந்தந்த மலையில் பிறந்து வளர்ந்த வழிகாட்டி, ‘இதுக்கு மேல வேண்டாம் சார்’ என்றால் அதுதான் கடைசி வார்த்தை. காப்புக்காட்டுக்குள் படப்பிடிப்புக்கு வனத்துறை அனுமதி, ட்ரோனுக்கு 2021-ஆம் ஆண்டு விதிகள், இவற்றை இடைஞ்சலாக நினைக்காதீர்கள். திருட்டுத்தனமாக எடுத்த படத்தை நல்ல பத்திரிகை எதுவும் வாங்காது.

இப்படியெல்லாம் நிபந்தனை போட்டால் வேலை வேறு ஒருவருக்குப் போய்விடாதா? போகும். சில வேலைகள் நிச்சயம் போகும். குறைந்த காசுக்கு, எந்த ஆபத்துக்கும் தயார் என்று ஓர் ஆள் எப்போதும் வரிசையில் நிற்பார். அவரோடு விலையில் போட்டி போடாதீர்கள், ஜெயிக்க முடியாது. குழுவை முழுசாகத் திருப்பிக் கொண்டுவருகிறவர் என்ற பெயரைச் சம்பாதியுங்கள். அந்தப் பெயருக்கு விளம்பரம் தேவையில்லை. மலையேறுகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள், அடுத்த பயணத்துக்கு உங்களைத்தான் அழைப்பார்கள்.

ஆகவே, அடுத்த வேலைக்குச் சம்மதம் சொல்லும் முன் மூன்று கேள்விகளைத் தாளில் எழுதிப் பதில் வாங்குங்கள். காத்திருக்கும் நாளுக்கு என்ன கூலி? படம் யாருக்குச் சொந்தம்? திரும்பிவிடலாம் என்று முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு? மூன்றுக்கும் தெளிவான பதில் இல்லாவிட்டால், அங்கேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அடிவாரத்தில் அதைச் சொல்வதற்குச் செலவு குறைவு. லென்ஸ் பற்றிக் கேட்ட தம்பி கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பார்க்கட்டும். லென்ஸுக்கு முன்னால் ஓர் ஒப்பந்தப் படிவத்தை உட்கார்ந்து எழுதிவிடலாம்.